முதல் அகப்பைச் சோறு

வாசலில் கண்டால் எல்லாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் "மிச்சம் இருக்கா?" என்று கேட்பார்.

நான் கல்யாணம் முடித்து வத்தேகமைக்கு வந்த புதிதில் அந்தக் கேள்வி எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சந்தைக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிய சின்ன வீடுகள் எங்களுடையவை. சமைக்கிற இடத்தில், எங்கள் குசினிக்கும் அக்காவின் குசினிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் இருந்தது. நான் வந்த மறுநாளே அந்தச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நல்ல பெரிய உடம்பு. தோளில் ஒரு துவாய். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்கியிருந்தது.

"புது ஊருக்கு வந்திருக்க தங்கச்சி, நல்லா இரு. மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் நேத்துச் சோறு இருக்குக்கா. கொட்டத்தான் வச்சிருக்கேன்."

"அடியே, வெளக்கு வச்ச வீட்டுல நின்னுகிட்டு என்னா பேச்சு பேசுற? கொட்டுறதாம்! கொண்டா இங்க."

கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாலையில் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பிடி பச்சை மிளகாய். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

அவர்கள் வசதி இல்லாத வீட்டுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, சந்தையில் மரக்கறிக் கடை இருந்தது. ஒரே மகள். மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போடுகிற வீடு. அக்கா கேட்பதில் கூச்சமும் இருக்காது, ஏக்கமும் இருக்காது. கோயிலில் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்பார்.

அவர் சாப்பிடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். அண்ணன் சாப்பிட்டு எழும்ப வேண்டும், மகள் சாப்பிட்டு எழும்ப வேண்டும், வந்தவர் போனவர் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பிறகு குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, எல்லாத் தட்டுகளையும் முன்னால் இழுத்து வைத்துக்கொள்வார். மகள் ஒதுக்கின சோறு, அண்ணன் தட்டில் பிசைந்தபடி விட்ட சோறு, சட்டியின் அடியில் ஒட்டின பருப்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வழித்துச் சேர்ப்பார். கறிவேப்பிலையையும் முள்ளையும் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டு உருட்டி உருட்டி வாயில் போடுவார். மீன் துண்டோ முட்டையோ அந்தத் தட்டில் நான் கண்டதில்லை. அதெல்லாம் முதல் ஆட்களோடு முடிந்திருக்கும். தட்டில் மிஞ்சுவது சோறும் குழம்பும்தானே.

அடுப்பில் அன்றைக்கு வடித்த சோறு ஆவி பறக்க இருக்கும்.

"சூடா ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்க்கா."

"நேத்துச் சோறு இருக்கே. அது மொதல்ல முடியட்டும்."

நேற்றுச் சோறு முடிகிறபோது இன்றைய சோறு நேற்றுச் சோறாகியிருக்கும். அக்கா எப்போதும் எங்களுக்கு ஒரு நாள் பின்னாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பானையிலிருந்து முதல் அகப்பைச் சோற்றை அவர் தன் தட்டில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

கறியும் அப்படித்தான். காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம் சுட வைப்பார். பழுதாகிவிடக் கூடாதே என்ற பயம். போஞ்சிக்காய் சமைத்தால் மூன்றாம் நாள் அது போஞ்சியா பூசணியா என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கறுத்துச் சுருண்டு போன அந்தக் கறியை அக்கா சோற்றில் போட்டுக்கொண்டு, "இப்பத்தான் உப்பு உள்ள எறங்கியிருக்கு" என்பார்.

எங்கள் வரிசையில் யார் வீட்டிலாவது சோறு மிஞ்சினால், "அக்காகிட்ட குடு, வீணாப் போகாது" என்பது வழக்கமாகிப் போனது. பிறந்தநாள் கேக்கின் கடைசித் துண்டிலிருந்து காய்ந்த பேக்கரிப் பாண் வரைக்கும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். யாருக்கும் மனது உறுத்தாது. குப்பையில் போட்டால்தானே பாவம்? எங்கள் வீட்டிலிருந்தும் போனது. அதில் பிழை இருக்கிறது என்று அன்றைக்கு எவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் கேலி பண்ணுவார். "குப்ப வண்டிக்காரன் நம்ம வீட்டுப் பக்கம் வாறதே இல்ல தங்கச்சி. எம் பொஞ்சாதி இருக்கிற வரைக்கும் அவனுக்கு இங்க வேலயில்ல."

அக்கா சிரிப்பார். "சிரிங்க, சிரிங்க. மேல போனதும் ஒங்ககிட்டதான் கேப்பாங்க, எத்தன பருக்க கொட்டினீங்கன்னு. என்கிட்ட கேக்க மாட்டாங்க."

அந்த வார்த்தையை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பிறகுதான் விளங்கியது. கீழே விழுந்த சோற்றுப் பருக்கையை ஈரவிரலால் ஒற்றி எடுத்து வாயில் போடுவார். எனக்கும் சோறு லெச்சுமிதான். காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறவள்தான் நான். ஆனால் அக்காவுக்கு அதற்கு மேலே என்னவோ இருந்தது.

ஒரே ஒரு தரம் சொன்னார். மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் நான் கழுவ எடுத்த வெறும் சட்டியை அகப்பையால் சுரண்டினேன். அக்கா சட்டென்று, "அந்தச் சத்தம் வேணாம் தங்கச்சி" என்றார்.

"என்னா சத்தம்?"

"நான் சின்னப் புள்ளயா இருக்கையில தேயிலத் தோட்டத்துல ஒரு பஞ்சம் வந்துச்சு. அம்மா வெறும் பானையில அகப்பயப் போட்டு சொறண்டுவாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. நாங்க கேட்டுகிட்டே படுத்திருப்போம், ஏதோ வரப்போகுதுன்னு. எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

அதோடு நிறுத்திவிட்டார். புடைத்த அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார்.

கோயில் அன்னதானம் என்றால் அக்கா இல்லாமல் முடியாது. எங்கள் மாரியம்மன் கோயிலில் எப்போதும் ஆட்களுக்கு மேலேதான் சமைப்பார்கள். பந்தியில் சோறு குறைந்துவிட்டால் அம்மனுக்கே குறை வந்த மாதிரி. அதனால் கணக்குப் பார்த்து அரிசி போட்டவர் அதற்கு மேல் ஒரு சாக்கைப் போடுவார், பயத்தில் இன்னொருவர் இன்னும் கொஞ்சம் போடுவார். கடைசிப் பந்தி எழும்பினதும் அண்டாவில் சோறு மலைபோல இருக்கும். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேசின்களோடு வருவார். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர், ஓட்டோக்காரர், சிங்கள வீடு, முஸ்லிம் கடை என்று எவரையும் விடாமல் கொடுத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகும் மிஞ்சுவது அவர் வீட்டுக்குத்தான் போகும். அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு அந்த வீட்டில் கோயில் சாம்பார் மணக்கும்.

சந்தைக்கு மேட்டுத் தோட்டங்களிலிருந்து மரக்கறி லொறியில் வரும். கோவா, கரட், லீக்ஸ் எல்லாவற்றையும் சாக்கில் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேலே ஆட்களும் ஏறி உட்கார்ந்து வருவார்கள். இறக்கும்போது அடிச்சாக்கில் பாதி நசிந்து தண்ணீர் விட்டிருக்கும். நல்லதை அண்ணன் விற்பார். நசிந்தது வீட்டுக்கு வரும். அதை வெட்டித் துப்புரவாக்கி, அவித்து, அவித்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, மறுபடி குழம்பு வைத்து அக்கா சாப்பிடுவார்.

ஆனால் ஒன்று. பீட்றூட்டின் இலை, நோக்கோல் இலை, கரட் தழை எல்லாவற்றையும் சந்தையிலேயே வெட்டிக் குவித்து விடுவார்கள். வாங்குகிறவர்கள் கிழங்கு மட்டும் கேட்பார்கள், இலையையும் சேர்த்து நிறுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அந்தப் பச்சைக் குவியல் மழையில் அழுகிக் கிடக்கும். அக்கா அதை மிதித்துக்கொண்டு போவார். ஒரு பருக்கைச் சோற்றைத் தாண்டாத கால் அந்தக் குவியலில் ஏறிப் போகும். தட்டில் ஏறாத ஒன்றை அவர் சாப்பாடு என்றே நினைத்ததில்லை.

கிளினிக்குக்கு அக்காவை முதலில் கூட்டிப்போனது நான்தான். படியேறினால் மூச்சு வாங்கியது. தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொள்வார். இரவில் தண்ணீர் குடித்தே பானை காலியாகிறது என்று மகள் சொன்னாள். கிளினிக்கில் மடவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நர்ஸ் இருந்தார், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, ஒங்கட ஒடம்புல சீனி கூட ஈக்குது, ரத்தம் கொறய ஈக்குது. என்ன சாப்பிட்றீங்க?"

"எல்லாந்தான் சாப்பிடுறேன் மிஸ்ஸி. நான் சாப்பிடாததுன்னு ஒண்ணுமே இல்ல. இவகிட்ட கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்த மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னது எனக்கு விளங்கியது. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கின அரிசியில் சத்து ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருந்ததும் வடித்த தண்ணீரோடு போனது. கறியில் இருந்தது மூன்று நாள் சூட்டில் போனது. மீனும் முட்டையும் மற்றவர் வாயில் போயின. கீரையும் இலையும் சந்தையிலேயே விழுந்து போயின. எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற வெறும் மாவைத்தான் அக்கா வயிறு முட்ட நிரப்பிக்கொண்டிருந்தார். வயிறு நிறைந்தே இருந்தது, உடம்பு பட்டினி கிடந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவு தின்னும் ரத்தம் இல்லன்னா, அதெல்லாம் எங்க தங்கச்சி போச்சு?"



அன்றிலிருந்து நான் ஒரு கள்ளி ஆனேன். எங்கள் வீட்டு மிச்சத்தை ஷொப்பிங் பேக்கில் கட்டி, மேலே பழைய பேப்பரைச் சுற்றி, அக்கா குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சந்திக் குப்பையில் கொண்டுபோய்ப் போடுவேன். போடும்போது, "தாயே மன்னிச்சுக்கோ, ஒரு உசிர நெனச்சுத்தான் செய்றேன்" என்று கும்பிட்டுக்கொள்வேன். எத்தனை நாளைக்கு? ஒரு நாள் இடியப்பத்தை வாழைக்கன்றுக்கு அடியில் புதைத்தேன். காகம் கிண்டி எடுத்துக் கூரையில் வைத்துக் கொத்தியது. அக்கா வெளியில் வந்து கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காக்காவுக்கு இடியப்பம் யாரு அவிச்சுக் குடுத்தா?"

"தெரியலக்கா."

"தெரியலயா? நீ நல்லா இருப்ப. மண்ணுக்குக் குடுப்ப, எனக்குக் குடுக்க மாட்ட."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு பூசாரி ஐயாவிடம் போனேன். அவர் சொன்னால் கேட்பார் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து திருநீறு வாங்க அக்கா கை நீட்டியபோது அவரும் நல்ல விதமாகத்தான் தொடங்கினார்.

"ஏம்மா, சோறு லெச்சுமி, சரி. இந்த ஒடம்பும் அம்மன் குடுத்ததுதானே? இதுக்குள்ள கண்டதயும் போட்டு அடைக்கலாமா? நாய்க்கு வைங்க, குருவிக்கு வைங்க. அதுவும் தர்மந்தான்."

அக்கா திருநீற்றைப் பூசிக்கொண்டார். "சரிங்க சாமி. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. போன அன்னதானத்துல அண்டா அண்டாவா மிச்சம் வச்சது யாரு? அந்தச் சோத்த நான் எடுக்கலன்னா கோயில் வாசல்லயே புளிச்சுப் போயிருக்குமே. அப்ப அம்மன் என்னா சொல்லியிருப்பா?"

பூசாரி ஐயா தட்டில் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிட வந்த கிழவர் ஒருவர், "சரியான கேள்வி" என்று வேறு சொல்லிவிட்டார்.

இருந்தாலும் சாமி சொன்னதை மீறக்கூடாது என்று அக்கா ஒரு தகரத்தட்டில் நாய்க்கு வைக்கத் தொடங்கினார். எனக்குச் சந்தோசம். பிறகு பார்த்தால், நாய்க்கு வைக்குமுன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். நாறுகிறதை நாய்க்கு வைப்பார். "நல்லாத்தானே இருக்கு" என்கிறதைத் தான் சாப்பிட்டுவிடுவார். நாய்க்குப் போனது கொஞ்சம்தான்.

பிறகு நாடே நொடித்துப்போய், நாங்கள் எல்லாரும் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. பால்மா இல்லை, அரிசி விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். அண்ணனின் கடையில் பலகை வெறுமையாகக் கிடந்த நாட்கள் உண்டு. எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் ஒரு வாய் மிஞ்சவில்லை. பிள்ளைகள் தட்டை வழித்து நக்கினார்கள். கோயிலில் அன்னதானம் நின்று கஞ்சி மட்டும் ஊற்றினார்கள். சுவருக்கு மேலால் அக்கா எட்டிப் பார்த்து, "மிச்சம் இருக்கா?" என்று கேட்கவில்லை. நான்தான் அவரிடம், "ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டேன். மரவள்ளிக்கிழங்கு தந்தார். அரிசி இல்லாததால் முதல் முறையாகச் சந்தையில் கிடந்த பீட்றூட் இலையைப் பொறுக்கி வந்து சுண்டினார்.

அந்த வருசம்தான் அக்காவின் உடம்பு இறங்கியது. மூச்சு வாங்கல் குறைந்தது. மிஸ்ஸி இரத்தம் பார்த்துவிட்டு, "ஆ, இப்ப நல்லா ஈக்குதே. என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல மிஸ்ஸி. ஊர்ல சோறில்ல."

மிஸ்ஸி பேனாவை எடுத்துக் கிளினிக் அட்டையில் எழுதினார். ஊர் பட்டினி கிடந்தால்தான் இந்த ஒருவர் பிழைப்பார் என்றால் அம்மனிடம் நான் என்னவென்று வேண்டுவது? விளக்கேற்றும்போது அந்த நாட்களில் வாய்க்கு ஒன்றும் வராது. "நீ பாத்துக்க தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன்.

காலம் மெல்ல நிமிர்ந்தது. கடைகளில் சாமான் வந்தது, கல்யாணங்கள் திரும்ப மண்டபத்தில் நடந்தன, கோயிலில் அண்டா ஏறியது. பட்ட கஷ்டத்துக்கு ஈடு கட்டுவதுபோல எல்லாரும் கூடுதலாகச் சமைத்தார்கள், கூடுதலாக மிச்சம் வைத்தார்கள். தட்டுகள் மறுபடி சுவர் தாண்டின. நான் கொடுக்கவில்லை. அதற்காக எத்தனை வீட்டு வாசலில் போய் நிற்க முடியும்? இரண்டு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி, "ஏன், ஒங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

அக்கா காலில் எப்போதும் மெட்டி இறுகிக் கிடக்கும். அதற்குக் கீழே ஒரு சின்னப் புண் வந்தது. செருப்புக் கடித்தது என்றார். மஞ்சள் வைத்தார். அது ஆறவில்லை. விரல் கறுத்து, கால் வீங்கி, கண்டிப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மெட்டியைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் வார்ட்டு வாசலில் நின்றார். "குப்ப வண்டி" என்று கேலி பண்ணின மனுசர். அன்றைக்கு என்னைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. "விரல் போகுமாம். சீனி எறங்கலன்னா காலும் போகுமாம். நீ சொல்லு தங்கச்சி, நீ சொன்னா கேப்பா" என்றார். நான் சொன்னால் கேட்பார் என்று அவர் நினைத்திருந்தார்.

விரலை எடுத்த பிறகு ஒரு நாள் நான் தீட்டாத குரக்கன் மாவில் புட்டு அவித்து, முருங்கைக்கீரை சுண்டி, ஒரு முட்டையும் அவித்து எடுத்துக்கொண்டு போனேன். மிஸ்ஸி சொன்ன மாதிரியே, வெந்ததும் இறக்கி, வெந்த தண்ணீரைக் கொட்டாமல். அக்காவுக்கென்று, ஒரு நாளாவது முழுசாக. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனேன். டப்பாவைக் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழாயில் கை கழுவிவிட்டு நான் திரும்பி வந்தபோது டப்பா பக்கத்துக் கட்டிலில் இருந்தது. பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, மெலிந்தவள், முட்டையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் மடியில் அந்தப் பெண் வேண்டாம் என்று வைத்துவிட்ட ஆஸ்பத்திரிச் சோறு. ஆறிப்போய் விறைத்திருந்தது.

"அக்கா, என்னா வேலக்கா இது?"

"பச்சப் புள்ள தங்கச்சி. அதுக்கு ஒடம்புல ஒண்ணுமில்ல. நல்லத அது சாப்பிடட்டும்."

"சரி, குடுத்தீங்க. இந்தச் சோத்த ஏன் சாப்பிடுறீங்க?"

"இது வீணாப் போயிருமே. எல்லாத்தயும் ஒரு பீப்பாயில கொட்டிப் பண்ணிக்கு ஏத்துறாங்களாம். மனுசர் வாய்க்கு வந்த சோறு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சத்தம் போட்டுவிட்டேன். "ஒங்க கால் போகப்போகுதுக்கா! விளங்குதா? கால்!"

வார்ட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முட்டையைக் கையில் வைத்தபடி பயந்து போனாள். அக்கா மட்டும் தட்டில் இருந்த சோற்றை உருட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் வேணும்னேவா செய்றேன்? கொட்டுறதப் பாத்தா அந்தச் சத்தம் கேக்குது தங்கச்சி. சாப்பிட்டாத்தான் நிக்குது. டொக்டர்கிட்ட சொல்லி அதுக்கொரு மருந்து இருந்தா வாங்கிக் குடு."

மகள் அன்றைக்கு கெலிஓயாவிலிருந்து வந்திருந்தாள். கல்யாணம் முடித்து அங்கேதான் இருந்தாள். நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் அழுதாள். "எனக்கும் ரத்தம் கொறயன்னு கிளினிக்குல சொல்லிட்டாங்க சித்தி. அம்மா மாதிரி ஆயிருவேனோ?" என்றாள். "நீ ஒழுங்காச் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்று தலையைத் தடவினேன்.

காலை எடுத்தார்கள். அதுவும் போதவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலுக்கு நான்தான் குசினியில் நின்றேன். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர் வாயில் வைக்க வேண்டும். அது எங்கள் முறை. அடுப்பை மூட்டிவிட்டு மகளைக் கேட்டேன்.

"என்னா செய்யச் சொல்ற? அம்மாவுக்குப் புடிச்சது என்னா?"

அவள் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே சித்தி. ஒங்களுக்குத் தெரியாதா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருசம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தவள் நான். இது எனக்குப் பிடிக்கும் என்று அவர் ஒரு பொருளைச் சொல்லி நான் கேட்டதில்லை. மகளுக்கு மீன் பிடிக்கும், அண்ணனுக்குக் கருவாட்டுக் குழம்பு, பேத்திக்குப் பப்படம். அதெல்லாம் எனக்கே மனப்பாடம். அக்காவுக்கு?

அண்ணனிடம் போய்க் கேட்டோம். கதிரையில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு எல்லாம் புடிக்குமே" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். அது அக்காவின் துவாய்.

கடைசியில் அவரவருக்குப் பிடித்ததைத்தான் சமைத்தோம். கருவாட்டுக் குழம்பு, மீன் பொரியல், பருப்பு, பப்படம். பீட்றூட் இலை கொஞ்சம் சுண்டினேன், ஏனென்று நான் மட்டும் அறிந்து. தலைவாழை இலை போட்டு விளக்கேற்றி, இப்போதுதான் வடித்த பானையைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க, மேலாக முதல் அகப்பையைக் கோரி இலையில் வைத்தேன். ஒருவரும் தொடாத சோறு. ஒருவர் தட்டிலும் மிஞ்சாத சோறு. அக்காவுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் சாப்பிடாத முதல் நாள் அது. கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். சோறு ஆவி விட்டு விட்டு ஆறியது.

பிறகு முறைப்படி படையலைப் பங்கு போட்டோம். எல்லாரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேத்தி பப்படத்தை முறித்துத் தின்றாள், மீனைக் கொறித்தாள், சோற்றைக் கிளறிவிட்டு, "போதும்மா" என்று எழும்பி ஓடினாள். தட்டில் பாதிக்கு மேல் கிடந்தது. பிசைந்த சோறு, குழம்பு, மீன் முள்.

மகள் தன் தட்டில் இருந்த மீனையும் பீட்றூட் இலையையும் இன்னும் தொடவில்லை. ஒரு கையால் அதைத் தள்ளி வைத்தாள். மற்றக் கையால் பிள்ளையின் தட்டைத் தன் முன்னால் இழுத்தாள். முள்ளைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள். உருட்டினாள்.

"அம்மாடி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறையச் சோறு.

"என்னா சித்தி? நல்லாத்தானே இருக்கு" என்றாள்.